நூற்றுக்கு ஒன்று

ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையை எட்டு மாதம் செய்த மனிதர் ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் இருக்கிறார். பெயர் தனபால், வயது ஐம்பத்தேழு. நெல்லும் தென்னையுமாக இருந்த குடும்பத்தில் பிறந்து, மண்வெட்டி பிடிக்க வேண்டிய கையில் உளியைப் பிடித்தவர். பங்காளிகள் அதை மறக்கவும் இல்லை, அவரை மறக்க விடவும் இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், பெஞ்சு ஆடுது, கொஞ்சம் பாத்துக் குடு தனபாலு என்பார். தனபால் சிரிக்காமல் குனிந்து பார்த்து, பெஞ்சு சரியாகத்தான் இருக்கிறது, தரைதான் கோணல் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார். கோணல் எப்போதும் தரையில்தான் இருக்கும், தன் கணக்கில் இருக்காது. அப்படி ஒரு நம்பிக்கை அவருக்கு.

கஞ்சிக்கோட்டில் இரும்பு வார்க்கிற பவுண்டரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் பேட்டர்ன் வேலை பார்த்தார். இரும்பில் ஒரு சாமான் வேண்டுமென்றால் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும். மரத்தை மணலில் அழுத்தி எடுத்தால் அதே வடிவத்தில் பள்ளம் விழும். பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மரச்சாமான்தான் பேட்டர்ன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்று. ஆகவே மரத்தை நூற்றுக்கு ஒன்று பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் மனக்கணக்குப் போட்டால் மண்டை காய்ந்துவிடும் என்பதால் ஷ்ரிங்க் ஸ்கேல் என்று தனியாக ஒன்று வருகிறது. அதன் ஒரு சென்டிமீட்டர் ஊர் உலகத்துச் சென்டிமீட்டரைவிட மயிரிழை நீளம். துணிக்கடைக்காரர் இப்படி ஒரு கோல் வைத்திருந்தால் வாங்க வருகிறவருக்கு யோகம். பேட்டர்ன்காரர் வைத்திருந்தால் அதுதான் தொழில் சுத்தம்.

தனபாலின் ஸ்கேலுக்கு இரண்டு பக்கம். ஒன்று இரும்புக்கு, நூற்றுக்கு ஒன்று. மற்றது எஃகுக்கு, எஃகு இன்னும் அதிகமாகச் சுருங்கும், நூற்றுக்கு இரண்டு. அவருடைய கம்பெனியில் எஃகு ஊற்றுவது கிடையாது. அதனால் எஃகுப் பக்கத்தை அவர் ஏறிட்டுப் பார்ப்பதே அபூர்வம். இரும்புப் பக்கத்துக்கு அடையாளமாகப் பச்சை பெயின்டில் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம், மணல் கலக்கும் மெஷினின் தொட்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம் விரிசல் விட்டது. நாமே பவுண்டரி வைத்துக்கொண்டு வெளியே எதற்கு வாங்க வேண்டும் என்று மேனேஜர் சொல்ல, தனபால் அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பேட்டர்ன் செய்து கொடுத்தார். வார்த்தார்கள். அதைப் பொருத்த வேண்டியவன் செல்லத்துரை. உடும்பஞ்சோலை ஏலமலையிலிருந்து வேலைக்கு வந்த பிட்டர், முப்பத்து நாலு வயது. சட்டத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தான். அது தன் இடத்தில் உட்காரவில்லை. பேட்டர்ன் ஷாப்புக்கு வந்து நின்றான்.

"அண்ணே, சட்டம் பெருசா இருக்குண்ணே. ஒக்கார மாட்டேங்குது."

தனபால் எழுந்திருக்கவில்லை. அலமாரியிலிருந்து பேட்டர்னை இழுத்து, அதன்மேல் பச்சைப் புள்ளிப் பக்கமாக ஸ்கேலை வைத்துக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்க. அறுவது. என்ற அளவு தப்பாது. உன்ற மெஷின்ல எடம் சுருங்கியிருக்கும், போய்ப் பாரு."

செல்லத்துரை கொஞ்ச நேரம் நின்றான். மூத்த ஆளிடம் வாயாடக் கூடாது என்று நினைத்தானோ, தன் கண்ணையே சந்தேகப்பட்டானோ, போய்விட்டான். அன்றைக்கே மெஷினை ஓட்டியாக வேண்டும் என்று மேனேஜர் தலைமேல் நின்றிருக்கிறார். செல்லத்துரை கிரைண்டரை எடுத்துச் சட்டத்தின் இரண்டு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் தேய்த்து உள்ளே தள்ளினான். அந்த முனைகளில் உதடுபோல நீட்டியிருந்த விளிம்புகள்தான் முழுப் பாரத்தையும் பிடிக்க வேண்டியவை. பதினோரு நாள் பிடித்தன. பன்னிரண்டாம் நாள் காலையில் அவன் அடியில் குனிந்து சிந்திய மணலை வாரிக்கொண்டிருந்தபோது விட்டுவிட்டன. தொட்டியில் முக்கால் டன் மணல் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி தன் டேப்பைப் பேட்டர்ன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, இது வலுதாணல்லோ என்றார், பெரிதாக அல்லவா இருக்கிறது என்று. தனபால் பொறுமையாக விளக்கினார். பேட்டர்ன் பெரிதாகத்தான் சார் இருக்கும், இரும்பு சுருங்கும். பிறகு தன் ஸ்கேலை வைத்துக் காட்டினார். அட்சர சுத்தமாக அறுபது. எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தெரியாது. டேப்பில் என்ன எண் வந்தது என்று தனபால் எட்டிப் பார்க்கவில்லை. புத்தி உள்ள எவனும் அந்த முனையைத் தேய்க்க மாட்டான் என்று வேறு சொல்லி வைத்தார். செல்லத்துரை உங்களிடம் வந்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று அவரும் இருந்துவிட்டார்.

அறிக்கையில், மலையாளத்தில், செல்லத்துரை 'ஆரோடும் சோதிக்காதெ' தேய்த்துவிட்டதாக எழுதினார்கள். மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது. யாரையும் கேட்காமல் செய்தான் என்று பொருள். தமிழ்க்காதுக்கு அதே வார்த்தை, சரிதானா என்று பார்க்காமல் செய்தான் என்று விழும். எப்படி விழுந்தாலும் பழி செத்தவன்மேல்தான். தனபாலுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. வாசித்துப் பார்த்துத்தான் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

உடைந்த சட்டம் அந்த வாரமே உலையில் உருகிப்போனது. பேட்டர்ன் விறகாயிற்று. இரண்டு மாதத்தில் கம்பெனி பேட்டர்ன் வேலையையே வெளியே கொடுத்துவிட, தனபால் பெட்டியில் உளிகளையும் ஸ்கேலையும் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வயலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வரப்பில் நின்று வயலைப் பார்க்கத்தான் செய்தார், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மனைவி பூவாத்தாள் ஆள் வைத்து நடவும் அறுப்பும் முடித்தாள்.

அவருக்குள் ஒரு முள் தைத்திருந்தது. அண்ணே, பெருசா இருக்குண்ணே. ஸ்கேல் சரி என்றால் அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லை. தெரியாமல் வந்து கேட்டான், தெரிந்தவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஸ்கேல் தப்பு என்றால், அறுபது சென்டிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் தப்பு என்றால், ஆளைக் கொன்றது கிரைண்டர் இல்லை. சாதாரண டேப் ஒன்றை எடுத்து ஸ்கேலின் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பூவாத்தாளின் தையல் மெஷின் டிராயரில் டேப் சுருண்டு கிடந்தது. தனபால் அந்த டிராயர் பக்கமே போகவில்லை. மலைமாதிரி மனிதர், ஒரு துணி டேப்புக்குப் பயந்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் ஜோபி வந்தார். கப்பற்படையில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, பாலக்காட்டில் வீடு கட்டி, கூடத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிகளைப் பதித்து விதவிதமான விமான மாதிரிகளை வைத்திருக்கிறவர். ஒரு பெட்டி மட்டும் காலி. அதில் பறக்கும் படகு ஒன்று வேண்டும் என்றார். முதல் உலகப் போரில் இங்கிலாந்துக்காரர்கள் கட்டியது; அடிப்பாகம் படகு, மேலே இரண்டடுக்கு இறக்கை, இரண்டு எஞ்சின். கடலிலேயே இறங்கும், கடலிலிருந்தே கிளம்பும், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி வேட்டையாடும். அசலே மரத்தில் கட்டியதுதான், அதனால் மாதிரியும் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று வரைபடங்களை விரித்தார். அசலில் இருபத்து நாலில் ஒரு பங்கு.

தனபால் முதலில் முடியாது என்றார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, பெட்டி எவ்வளவு அகலம் என்று கேட்டார். உள்பக்கம் நூற்று இருபத்திரண்டு சென்டிமீட்டர். சுவரில் பதித்தது, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. இறக்கை நூற்று இருபத்தொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் மிஞ்சும். தனபால் மனதுக்குள் என்னவோ கணக்குப் போட்டார், செய்கிறேன் என்றார்.

அவர் போட்ட கணக்கு இது. வரைபடத்தின் ஒவ்வொரு அளவிலும் நூற்றுக்கு ஒன்றைக் கழித்துவிட்டு, பச்சைப் புள்ளிப் பக்கத்தால் அளப்பது. கழித்த ஒன்றை ஸ்கேல் கூட்டிக் கொடுத்துவிடும், நேர் அளவு வந்துவிடும். வேறு எந்தக் கோலும் வேலைக்குள் வரக் கூடாது. படகு அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் ஸ்கேல் சத்தியம் பேசியது, செல்லத்துரை தன் அவசரத்தால் செத்தான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் டேப் வைத்துப் பார்க்கத் தைரியம் இல்லாதவர், தீர்ப்பை எட்டு மாதம் தள்ளிப்போட்டுத் தனக்குத் தானே கோர்ட் கட்டிக்கொண்டார்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் தனபாலைக் குறை சொல்ல ஆளில்லை. குமிழ் மரத்தை வாங்கிக் காயப் போட்டு, படகின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அறுத்து நிறுத்தினார். மேலே ஒட்டுவதற்கு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டைகள் சீவினார். பட்டை வளைய ஆவி வேண்டும். பூவாத்தாளின் இட்லிப் பானையில் வேக வைத்தார். ஏனுங்க, இந்த ஊட்டுல இட்லி வேகறதா மரம் வேகறதா என்று அவள் கேட்டாள். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், பாவம். புதுப் பானை வாங்கிக்கொண்டு பழையதை அவருக்கே விட்டுக் கொடுத்தாள்.

படகின் அடிவயிற்றில் படிபோல ஒரு வெட்டு உண்டு. தண்ணீர் மரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தப் படி இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் படகு எழும்பாது என்று ஜோபி விளக்கியிருந்தார். அந்தப் படியை மட்டும் தனபால் மூன்று முறை பிரித்துச் செய்தார். இறக்கைகளுக்கு நடுவே ஈர்க்குச்சி கனத்தில் தூண்கள், தூண்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் தூண்டில் நரம்பு. ஒரு நரம்பை அதிகமாக இழுத்தால் இறக்கை ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். மறுபக்கம் தளர்த்தி, மறுபடி இழுத்து, ஒரு நாளைக்கு நாலு நரம்பு கட்டினால் அதிகம். எல்லா மூட்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகச் சேர்ந்தன. சேராமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் அளந்தது ஒரே ஸ்கேல். தப்பான கோலாக இருந்தாலும் தனக்குத் தானே ஒத்துத்தான் போகும். அது தனபாலுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு மூட்டும் சேரும்போது கொஞ்சம் நிம்மதிப்பட்டார்.

மாதம் ஒரு தடவை ஜோபி வந்து பார்ப்பார். அந்தப் படகுகளில் நாலு பேர் போவார்கள், கூடவே கூண்டில் புறாக்கள் போகும் என்று ஒருநாள் சொன்னார். எஞ்சின் நின்று நடுக்கடலில் இறங்க வேண்டி வந்தால் சீட்டுக் கட்டிப் புறாவைப் பறக்க விடுவார்களாம். அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் எத்தனை பேரைப் போய்க் காப்பாற்றினார்கள் என்று தனபால் கேட்டார். ஜோபிக்குத் தெரியவில்லை. மாதிரியில் நாலு ஆட்களையும் சின்னதாகச் செதுக்கி உட்கார வைக்கலாமே என்றார் ஜோபி. தனபால், ஆளு வேண்டாங்க சார் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தை மாதம் படகு முடிந்தது. பெட்ஷீட்டில் சுற்றி, பெட்டி ஆட்டோவில் மடிமேல் வைத்துப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்று டிரைவரின் உயிரை எடுத்தார். ஜோபி கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.  படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், கண் கலங்கிவிட்டது. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பெட்டிக்கு நேராகத் தூக்கினார்கள்.

இடது முனை உள்ளே போனது, வலது முனை சட்டத்தில் முட்டியது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார்கள், இடது முட்டியது. சாய்த்துப் பார்த்தார்கள். தனபாலின் முகத்தில் வியர்வை ஓடியது. சார், நேராப் புடிங்க, நேராப் புடிங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நேராகத்தான் பிடித்திருந்தார் ஜோபி. படகு போகவில்லை.

ஜோபிக்கு இது ஒரு விஷயமே இல்லை. மேஜைமேல் படகை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் உப்புத்தாள் எடுத்து வந்தார். "ஓரத்துல கொறச்சு தேய்ச்சா மதி, தனபாலே. ஆரும் அறியாது" என்றார். கொஞ்சம் தேய்த்தால் போதும், யாருக்குத் தெரியப் போகிறது. தனபாலுக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது. உள்ளே போனால் போதும், எப்படியாவது போனால் போதும். தாளை மடித்து, வலது இறக்கையின் முனையில் வைத்துத் தேய்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மரத்தூள் மேஜையில் விழுந்தது.

நாலாவது இழுப்பில் கை நின்றுவிட்டது. புத்தி உள்ள எவனும் அந்த முனையைத் தேய்க்க மாட்டான். யார் சொன்னது அது? இங்கே தலைமேல் நிற்க மேனேஜர் இல்லை, ஓட்டியாக வேண்டிய மெஷின் இல்லை, கெட்டால் கெடப்போவது ஒரு பொம்மை. ஆனாலும் தேய்த்தார். செல்லத்துரை கையில் இருந்தது கிரைண்டர், தன் கையில் இருப்பது தாள், வேறென்ன வித்தியாசம் என்று தோன்றியபோது தனபால் தாளை மேஜையில் போட்டுவிட்டார்.

நல்ல ஸ்கேல் ஒன்று கொடுங்கள் என்று கேட்டார். ஜோபி தன் கப்பற்படை நாளைய எஃகு ஸ்கேலைக் கொண்டுவந்தார். தனபால் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, பச்சைப் புள்ளி மேலே தெரிய, பக்கத்தில் வைத்தார். தன்னுடையதில் முப்பதாவது கோட்டுக்கு நேரே, ஜோபியின் ஸ்கேலில் முப்பதும் மூன்று மில்லிமீட்டரும் வர வேண்டும். ஆறு வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆறு. தன் ஸ்கேலைத் திருப்பி மறுபக்கத்தை வைத்தார். மூன்று.

புள்ளி பக்கம் மாறி இருந்தது. எஃகுக்கு உரிய பக்கத்தில் இரும்பின் அடையாளம்.

எப்போது மாறியது என்று யோசிக்க அவருக்கு நேரமே ஆகவில்லை. அந்த வருடம் மழை ஆரம்பித்ததும் பேட்டர்ன் ஷாப்பின் கூரை ஒழுகி ஸ்கேல் துருப்பிடித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் துருவோடு பழைய புள்ளியும் போனது. ஓரத்தில் பொறித்திருந்த எழுத்து ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. புதுப் புள்ளி வைக்க பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டு வந்தார். மேலே கிடந்த பக்கத்தில் புள்ளியை வைத்தார். அளந்து பார்க்கவில்லை. தன் கோலைத் தானே எதற்கு அளக்க வேண்டும்? அதற்குப் பிறகு செய்த பேட்டர்ன் எல்லாம் சின்னச் சாமான்கள்; பெருத்த மிச்சத்தைக் கடைசல் மெஷின் தின்றுவிட்டது. கடைசல் இல்லாமல் அப்படியே பொருத்த வேண்டியிருந்தது அந்தச் சட்டம் ஒன்றுதான். அறிக்கையில் எழுதிய 'சோதிக்காதெ' என்ற அந்த மலையாள வார்த்தை தமிழில் யாருக்குப் பொருந்தும் என்று இப்போது அவருக்கு விளங்கியது.

படகை மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். ஜோபி பின்னாலேயே கேட் வரைக்கும் வந்து, என்ன ஆயிற்று, வேறு பெட்டி செய்துகொள்ளலாமே என்று கேட்டுக்கொண்டிருந்தார். 

பூவாத்தாளிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அந்தப் பையனுக்குக் கொழந்த குட்டி இருந்துதுங்களா என்று கேட்டாள். தனபாலுக்குத் தெரியவில்லை. மில்லிமீட்டரில் பாதியைக் கண்ணால் சொல்லிவிடுகிறவருக்கு, ஆறு வருடம் கூட வேலை பார்த்தவனுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று தெரியவில்லை.  பூவாத்தாள் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள்.

மேனேஜரைப் போய்ப் பார்த்தார். முடிந்த கேஸைக் கிளறாதே தனபால், உனக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஸ்கேல் தப்பு, பேட்டர்ன் தப்பு என்று அதிகாரிக்கு மலையாளத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டார். மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை. மேனேஜரிடமும் சரி, கடிதத்திலும் சரி, அவர் சொன்னது ஸ்கேல் சங்கதி மட்டும்தான். செல்லத்துரை வந்து கேட்டதைச் சொல்லவில்லை. ஸ்கேல் தப்பு என்பது தவறுதலாக நடந்தது, யாருக்கும் நடக்கும். நாற்காலியை விட்டு எழுந்திருக்காதது அப்படி இல்லை. அதை வெளியே சொல்ல நாக்கு புரளவில்லை.

கடைசியில் பழைய சக தொழிலாளி ஒருவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறிப் போய், போடியில் ஒரு லாட்ஜில் படுத்து, காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் பதினாலு பேரோடு பதினைந்தாவது ஆளாக மலை ஏறினார். உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் ஏலக்காட்டை ஒட்டி லைன் வீடுகள். செல்லத்துரையின் மனைவி சுருளியம்மாள் காய் எடுக்கப் போயிருந்தாள். சூப்பர்வைசர் ஆள் அனுப்பினார். இடுப்பில் கட்டிய சாக்கோடும் கறுத்த விரல்களோடும் அவள் வந்து நின்றாள். முப்பது வயதுதான் இருக்கும், பார்க்க நாற்பது சொல்லலாம்.

தனபால் பெயரைச் சொன்னதும், அளவு சரின்னு சாட்சி சொன்ன ஆளு நீங்கதானா என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தனபால் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். இரும்பு சுருங்குவது, ஸ்கேலின் இரண்டு பக்கம், பச்சைப் புள்ளி, அறுபது சென்டிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர். பஸ்ஸில் வரும்போது நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது, தடங்கல் இல்லாமல் வந்தது. தப்பு என்னுடையது, உங்கள் வீட்டுக்காரருடையது இல்லை என்று முடித்தார்.

அவள் சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வெளங்கலண்ணே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பெருசா இருக்குன்னு அவரு ஒங்ககிட்ட வந்து கேட்டாரா?"

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார்.  இல்லை என்று சொல்லிவிட்டாலும் மறுக்க உலகத்தில் ஆள் கிடையாது. அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"கேட்டானுங்க, அம்மிணி. என்ற முன்னால வந்து நின்னு கேட்டான். நாந்தான், என்ற அளவு தப்பாதுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

சுருளியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் அடிப்பாளோ, மண்ணை வாரித் தூற்றுவாளோ என்று தனபால் காத்துக்கொண்டிருந்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"ஒரு வார்த்த யாரையாச்சும் கேட்டுச் செஞ்சா என்னய்யான்னு ரெண்டு வருசமா அந்த மனுசன வஞ்சுக்கிட்டே இருந்தேன். சோத்துக்கு ஒக்காந்தா வைவேன். காட்டுக்குப் போனா வைவேன். கருமாதி அன்னைக்குக்கூட வஞ்சேன்."  முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அழுது முடித்து எழுந்து, பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டிக் கூப்பிட்டாள். காட்டுக்குப் போகாமல் இருந்த நாலைந்து பேர் வந்தார்கள். அவுகளுக்கும் சொல்லுங்க என்றாள். தனபால் ஸ்கேலிலிருந்து ஆரம்பித்தார். அதெல்லாம் வேணாம், அவரு கேட்டத மட்டும் சொல்லுங்க என்று அவள் நிறுத்தினாள். சொன்னார். சாப்பாட்டு நேரத்துக்குக் காட்டிலிருந்து மற்றவர்கள் வந்தபோது மறுபடி சொல்லச் சொன்னாள். கேட்டான், நான்தான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும் தூ என்று துப்பிவிட்டுப் போனார். உட்காரச் சொல்லவோ தண்ணீர் கொடுக்கவோ யாருக்கும் தோன்றவில்லை.

தனபால் செருப்பை மாட்டினார். போடிக்கு இறங்குகிற கடைசி ஜீப் மூன்று மணிக்கு.

"எங்க போறீங்க?" என்றாள் சுருளியம்மாள். "பள்ளிக்கூடத்துல எம்மகள அவசரக்குடுக்கை மகளுன்னுதான் கூப்புடுதுக. நாலரைக்கு வந்துருவா. இருந்து அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

ஜீப் மூன்று மணிக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தனபால் லைன் வீட்டு வாசலில், வெயிலில், நின்றுகொண்டிருந்தார்.